சாரம் கட்டிய கோபுரங்கள்



ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்களின் பயணத் திட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரில் இரண்டு நாள், அந்த ஊரில் ஒன்றரை நாள். ஒவ்வோர் ஊரின் பெயருக்குக் கீழும் ஒரு பேராலயத்தின் பெயர் இருக்கும். போகிறோம். அண்ணாந்து பார்க்கிறோம். நாலு படம் எடுக்கிறோம். இருபது நிமிடத்தில் வெளியே வந்து சாப்பிட இடம் தேடுகிறோம். பேராலயம் பார்த்தாயிற்று!

பார்த்தாயிற்றா? உண்மையிலேயே பார்த்தாயிற்றா? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். ஒரு நகரத்தில் இரண்டு நாள் தங்குகிற பயணி, நூற்றாண்டுகள் கடந்த ஒரு பேராலயத்தை எப்படிப் பார்க்க வேண்டும்? பொதுவாகப் பேசினால் காற்றில் பேசியது போலாகிவிடும். ஆகவே ஒரே ஒரு பேராலயத்தை எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் நிற்கும் கொலோன் பேராலயம்.

அங்கே போய் வந்தவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் ஒரு குறை உண்டு. "எல்லாம் அருமைதான், ஆனால் ஒரு பக்கம் சாரம் கட்டி வைத்திருந்தார்கள், படம் கெட்டுப் போயிற்று" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்தச் சாரத்தைத்தான் நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டும்! நம் ஊர்க் கோயில் கோபுரத்தில் திருப்பணிக்குச் சாரம் கட்டினால் நாம் முகம் சுளிக்கிறோமா? பாலாலயம் ஆகிவிட்டது, குடமுழுக்கு நெருங்குகிறது என்று ஊரே பூரிக்கிறதே! அந்தக் கண்ணோடு கொலோனுக்குப் போங்கள். மனிதக் கை படுகிற வரைக்கும்தான் ஒரு கட்டடம் உயிரோடு இருக்கும் என்பதை அந்தப் பேராலயம் கல்லால் எழுதி வைத்திருக்கிறது.

வாருங்கள், இறங்குவோம். கொலோன் தொடர்வண்டி நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வழி கேட்கவே வேண்டாம். எதிரே படிக்கட்டு. படிக்கட்டுக்கு மேலே பேராலயம். கழுத்தை முழுவதும் பின்னால் சாய்த்தாலும் உச்சி கண்ணில் அகப்படாது. இரட்டைக் கோபுரங்கள், 157 மீட்டர் உயரம். 1880இல் கட்டி முடிக்கப்பட்டபோது உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். நான்கு ஆண்டுகள் கழித்து, 1884இல், அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூண் அதை முந்தியது.

அருகில் போய்க் கல்லைப் பாருங்கள். தூரத்தில் ஒரே கறுப்பாகத் தெரிந்த சுவர் பக்கத்தில் போனதும் பல நிறமாகப் பிரியும். புகையும் மழையும் நூறு ஆண்டுகளுக்கு மேல் படிந்து கறுத்துப்போன மணற்கல் ஓரிடம். அதற்கு நடுவே அண்மையில் மாற்றி வைத்த வெளிறிய புதுக்கல் ஓரிடம். கூர்மை மழுங்கிய பழைய இலைவேலைப்பாடு ஒரு பக்கம். அதே வடிவில், உளியின் தடம் இன்னும் மாறாத புதிய இலை இன்னொரு பக்கம். முதியவரின் கையைப் பேரன் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் பழங்கல்லும் புதுக்கல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன.

இதை ஏன் கட்டினார்கள்? 1164ஆம் ஆண்டு. கொலோன் பேராயர் ரைனால்ட் ஃபான் டாசெல், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களுடையவை என்று போற்றப்பட்ட திருப்பண்டங்களை இத்தாலியின் மிலான் நகரிலிருந்து கொண்டுவந்தார். அன்று முதல் ஐரோப்பாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் திருப்பயணிகள் கொலோனுக்கு வரத் தொடங்கினார்கள். அந்தத் திருப்பண்டங்களுக்காக வெர்டூன் ஊர் நிக்கோலாஸ் என்ற பொற்கொல்லரும் அவர் வழிவந்தவர்களும் ஒரு பொற்பேழை செய்தார்கள். 1180களில் தொடங்கிய வேலை 1225 வாக்கில்தான் முடிந்தது. இன்றும் தலைமைப் பலிபீடத்துக்குப் பின்னால் கண்ணாடிக்குள் அது ஒளிர்கிறது. பேழை வந்தது, மக்கள் வந்தார்கள், பழைய பேராலயம் போதவில்லை. 1248இல் பழையதை இடிக்கும்போது மூண்ட தீயில் பெரும்பகுதி எரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 15, மரியன்னையின் விண்ணேற்பு விழா அன்று, பேராயர் கொன்ராட் ஃபான் ஹோக்ஸ்டாடன் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். வேலையை ஏற்றவர் கெர்ஹார்ட் என்ற தலைமைக் கட்டடக்காரர்.

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். தான் தொடங்கும் பேராலயத்தின் கோபுரத்தைத் தன் கண்ணால் பார்க்க முடியாது என்று கெர்ஹார்டுக்குத் தெரியாதா? அவருக்குக் கல் சுமந்தவனுக்குத் தெரியாதா? எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் கல்லைக் கொத்தினார்கள். தெரிந்தும் சுண்ணாம்பைக் குழைத்தார்கள். ரைன் நதியோரமாகக் கொலோனுக்கு மேல்பக்கம் இருக்கும் டிராகன்ஃபெல்ஸ் குன்றிலிருந்து டிராக்கைட் என்ற எரிமலைக் கல்லைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கண்ணால் காணப்போகாத ஒன்றுக்கு ஆயுளைக் கொடுத்தவர்களின் கட்டடம் இது.

1322இல் பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதி மட்டும் முடிந்து அருட்பொழிவு பெற்றது. மேற்கே ஒரு தற்காலிகச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு உள்ளே வழிபாடு நடத்தினார்கள். தற்காலிகச் சுவர்! அதை இடித்தது எப்போது தெரியுமா? 1863இல். தெற்குக் கோபுரம் ஐம்பது மீட்டருக்கு மேல் வளர்ந்து, அத்தோடு நின்றுபோனது. பணம் வற்றியது. ஆர்வமும் வற்றியது. பதினாறாம் நூற்றாண்டில் உளிச் சத்தம் அறவே நின்றது.

ஆனால் ஒன்று மட்டும் நின்றுகொண்டிருந்தது. பாதிக் கோபுரத்தின் உச்சியில் ஒரு மரப் பாரந்தூக்கி. உள்ளே பெரிய சக்கரம், அதற்குள் ஆள் நடந்தால் சக்கரம் சுழலும், கல் மேலே ஏறும். வேலை நின்ற பிறகும் அதை யாரும் இறக்கவில்லை. அரசர்கள் மாறினார்கள், அது நின்றது. போர்கள் வந்தன, அது நின்றது. 1794இல் பிரெஞ்சுப் படை நகருக்குள் நுழைந்தது, வழிபாடு நின்று பேராலயம் கிடங்காக மாறியது. அப்போதும் அது நின்றது. பழைய ஓவியங்களில் கொலோன் நகரை அடையாளம் காட்டுவதே அந்தப் பாரந்தூக்கிதான். கோபுரம் இல்லாத ஊர், பாரந்தூக்கியைக் கோபுரமாக வைத்துக்கொண்டு நானூறு ஆண்டுகள் வாழ்ந்தது. "வேலை முடியவில்லை, வேலை முடியவில்லை" என்று அது நாள்தோறும் ஊருக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

பிறகு நடந்ததைக் கதை என்றால் நம்பமாட்டீர்கள். ஆனால் அது வரலாறு. மேற்கு முகப்பும் கோபுரங்களும் எப்படி இருக்க வேண்டும் என்று 1280 வாக்கில் தோலில் ஒரு வரைபடம் தீட்டியிருந்தார்கள். நான்கு மீட்டருக்கும் மேல் உயரம். பிரெஞ்சு ஆட்சிக் குழப்பத்தில் அது காணாமல் போயிற்று. 1814இல் டார்ம்ஷ்டாட் நகரில் ஒரு விடுதியின் பரணில் அதன் ஒரு பாதி கிடைத்தது. அவரைக்காய் உலர்த்த அதைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்று இன்றும் சொல்லுவார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து மறு பாதி பாரிசில் கிடைத்தது. அதைக் கண்டெடுத்தவர் சுல்பிட்ஸ் புவசெரே. பேராலயத்தை முடித்தே தீரவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் போராடிய கொலோன் நகரத்து மகன் அவர்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வரைவாளர் இட்ட கோடு, ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்பு வந்த கல்தச்சனுக்கு வழி காட்டியது! நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நாம் விட்டுச் செல்லக்கூடிய கொடைகளில் இதைவிடச் சிறந்தது என்ன இருக்க முடியும்? பாதி வேலையை விட்டுச் செல்வதில் குற்றமில்லை. அதை எப்படி முடிப்பது என்ற வழியையும் சேர்த்து விட்டுச் செல்ல வேண்டும். அந்த வரைபடம் இன்று பேராலயத்துக்குள்ளேயே, ஒளி பட்டு மங்காதபடி திரையிட்டுக் காக்கப்படுகிறது. பேழைக்குக் கொடுக்கும் வணக்கத்தில் பாதியை அந்தத் தோலுக்கும் கொடுக்கலாம் என்பேன்.

1842இல் கொலோன் மக்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பேராலயக் கட்டுமானத்துக்கான மத்தியச் சங்கம். அதே ஆண்டு செப்டம்பரில் பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் வில்லியம் மீண்டும் ஓர் அடிக்கல் நாட்டினார். மன்னர் புராட்டஸ்டண்டு, பேராலயம் கத்தோலிக்கம். இருந்தும் அரசு பணம் கொடுத்தது. ஆனால் செலவில் பாதிக்கு மேல் திரட்டியது மக்களின் சங்கம். சந்தா வாங்கினார்கள், குலுக்கல் சீட்டு விற்றார்கள். கவிஞர் ஹைன்ரிச் ஹைனேகூடப் பாரிசிலிருந்த துணைச் சங்கத்தில் பொறுப்பு வகித்தார். இரண்டே ஆண்டுகளில் மனம் மாறி, இது ஒருநாளும் முடியப்போவதில்லை என்று தம் நெடுங்கவிதையில் எழுதினார். மாபெரும் கவிஞர்தான். ஆனால் கல்தச்சர்கள் அவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை. உளியை எடுத்தார்கள், வேலையைத் தொடர்ந்தார்கள். 1868இல் அந்தப் பழைய பாரந்தூக்கி இறங்கியது. 1880 அக்டோபர் 15இல் ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்லியம் முன்னிலையில் நிறைவு விழா நடந்தது. அடிக்கல்லிலிருந்து நிறைவு வரை 632 ஆண்டுகள்!

முடிந்துவிட்டதா? இல்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. நகரம் தரைமட்டமானது. பேராலயத்தின் மீது பதினான்கு பெருங்குண்டுகள் விழுந்தன. உட்கூரையின் கல்வளைவுகள் பல சரிந்தன. ஆனாலும் அது விழவில்லை. கோபுரங்கள் தாங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூரைக்குப் போட்டிருந்த சட்டம் மரத்தாலானது அன்று, இரும்பாலானது. தீக்குண்டுகளுக்கு அது இரையாகவில்லை. 1943இல் வடக்குக் கோபுரத்தின் தாங்குதூண் ஒன்றைக் குண்டு பிளந்தபோது, கிடைத்த செங்கல்லை வைத்து அவசரமாக அடைத்தார்கள். அந்தச் செங்கல் ஒட்டு, போரின் தழும்பாக 2005 வரை வெளியே தெரிந்தது. அதை மறைக்கலாமா, நினைவாக விட்டுவைக்கலாமா என்று ஊர் நீண்ட காலம் வாதாடியது. இறுதியில் கல்லால் மூடினார்கள். 1948இல், அடிக்கல்லின் எழுநூறாவது ஆண்டில், ஒரு பகுதியைத் திறந்தார்கள். 1956இல் முழுப் பேராலயமும் மீண்டும் வழிபாட்டுக்கு வந்தது.

இப்போது உள்ளே போவோம். சிவப்பு அங்கி அணிந்த காவலர்கள் நிற்பார்கள். திருப்பலி நேரமென்றால் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். வருந்தாதீர்கள், உட்காருங்கள். அது முதலில் இறைவீடு, பிறகுதான் நமக்குக் காட்சி. வடக்குப் பக்கத்தில் மரத்தாலான பெரிய பாடுபட்ட சுரூபம் ஒன்று இருக்கிறது. பேராயர் கேரோவின் பெயரால் வழங்கும் சிலுவை. பத்தாம் நூற்றாண்டு வேலை. இன்றைய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டும்போதே அதற்கு ஏறத்தாழ 270 வயது. அருகில் நின்று பாருங்கள். தலை மார்பின் மேல் கவிழ்ந்திருக்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன. உடலின் பாரம் முழுவதும் கைகளை இழுக்கிறது, வயிறு தளர்ந்து முன்னே தள்ளியிருக்கிறது. வெற்றி வேந்தராகக் கண் திறந்து நிற்கும் கிறிஸ்துவையே பெரிதும் வடித்த காலத்தில், இறந்துபோன மனிதனின் உடலை இத்தனை இரக்கத்தோடு ஒரு கருவாலி மரத்தில் ஒருவன் செதுக்கியிருக்கிறான். அவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் கை தெரிகிறது.

அங்கிருந்து தெற்குப் பக்கம் வாருங்கள். 113 சதுர மீட்டர் சன்னல். 72 நிறங்களில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு கண்ணாடிச் சதுரங்கள். பழைய கண்ணாடி போரில் அழிந்துபோன இடம் அது. 2007இல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் ஊதியம் வாங்காமல் வடிவமைத்துத் தந்தார். புனிதர் உருவம் இல்லை, கதை இல்லை, நிறங்கள் மட்டுமே. அன்றைய பேராயர் கர்தினால் மைஸ்னருக்கு அது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் வெயில் ஏறும் நேரத்தில் அந்தச் சன்னல் தரையிலும் தூண்களிலும் நிறத்தைக் கொட்டும்போது, குழந்தைகள் அந்த ஒளிக்குள் கைநீட்டி விளையாடுகிறார்கள். பழைய கல்தூணில் 21ஆம் நூற்றாண்டின் வெளிச்சம்!

அவையோரே, ஒரு கட்டடத்தைப் போற்றுகிறவன் அதன் கறையையும் சொல்ல வேண்டும். 1266இல் பேராயர் இரண்டாம் எங்கல்பெர்ட் யூதர்களுக்குச் சில உரிமைகளை அளித்து, அதைக் கல்லில் வெட்டிவைத்தார். இறந்தவர்களைத் தடையின்றி அடக்கம் செய்யலாம், சுங்கத்தில் கிறிஸ்தவர்களுக்கு இணையாக நடத்தப்படுவார்கள் என்றது அந்தக் கல். அது இன்றும் பேராலயத்துக்குள் இருக்கிறது. அதே பேராலயத்தின் பாடகர் இருக்கைகளில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யூதர்களை இழிவுபடுத்தும் உருவம் செதுக்கப்பட்டது. 1349இல் அந்நகரின் யூத மக்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். இதையெல்லாம் அங்கே மறைப்பதில்லை. இந்தப் பொருளுக்கென்றே தனியாக ஆட்களை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். 2015 ஜனவரியில், அகதிகளுக்கும் முஸ்லிம்களுக்கும் எதிரான ஊர்வலம் ஒன்று நகரில் நடந்தபோது, தங்கள் பேராலயம் அதற்குப் பின்னணி ஆகக்கூடாது என்று வெளி விளக்குகளை அணைத்தார்கள். கல்லைச் சீர் செய்கிறவர்கள் மனச்சாட்சியையும் சீர் செய்யத்தான் வேண்டும்.

காலில் வலுவுள்ளவர்கள் தெற்குக் கோபுரத்தில் ஏறுங்கள். 533 படிகள், மின்தூக்கி கிடையாது. வழியில் மணிக்கூடம். 1923இல் வார்த்த புனித பேதுரு மணி, 24 டன் எடை. "தடித்த பிட்டர்" என்று உள்ளூர் வழக்கில் செல்லமாக அழைப்பார்கள். 2011இல், மூன்று அரசர்கள் திருநாள் அன்று, அதன் நாக்கு ஒடிந்து விழுந்தது. புது நாக்கு செய்து மாட்டினார்கள். பார்த்தீர்களா, மீண்டும் அதே கதைதான். உடைகிறது, சீர் செய்கிறார்கள். தேய்கிறது, மாற்றுகிறார்கள்.

இறங்கி வந்தபின் பேராலயத்தை ஒட்டியிருக்கும் பட்டறைப் பக்கம் போங்கள். கல்தச்சர், கொல்லர், தச்சர், கண்ணாடி வேலைக்காரர், கூரை வேலைக்காரர் எனப் பல தொழிலாளர்கள் பேராலயத்துக்கென்றே நிரந்தரமாக வேலை செய்கிறார்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு வருவதற்குள் முதல் முனை தேய்ந்துவிடும். ஆகவே வேலைக்கு முடிவே இல்லை. பேராலயம் கட்டி முடிகிற நாள்தான் உலகம் முடிகிற நாள் என்று கொலோன் மக்கள் சொல்லுவார்கள். போருக்குப் பின் செதுக்கிய சிறு உருவங்களில் கென்னடியும் குருஷ்சேவும் இருக்கிறார்கள், கால்பந்து வீரர்களும் இருக்கிறார்கள். அந்தந்தக் காலத்துச் சிற்பி தன் காலத்தின் முகத்தை அங்கே வைத்துவிட்டுப் போகிறான். 1842இல் தொடங்கிய அதே சங்கம் இன்றும் பராமரிப்புச் செலவில் பெரும்பங்கைத் தருகிறது.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, இரண்டு நாள் பயணமானால் அரை நாளை ஒரே பேராலயத்துக்குக் கொடுங்கள். பட்டியலில் வேறு இரண்டு இடங்கள் குறைந்தால் குறையட்டும். இரண்டு, உள்ளே போகுமுன் வெளியே ஒரு முறை முழுவதும் சுற்றி வாருங்கள். சாரம் எங்கே கட்டியிருக்கிறது, புதுக்கல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அங்கே வேலை செய்கிற மனிதர் கண்ணில் பட்டால் ஒரு வணக்கம் சொல்லுங்கள். மூன்று, புறப்படுமுன் உங்களால் இயன்ற ஒரு காணிக்கையைப் பராமரிப்புக்குப் போட்டுவிட்டு வாருங்கள். அந்த நாணயம் ஒரு கல்லின் ஓரத்தில் போய்ச் சேரும். அந்தக் கல் நம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் மழை தாங்கும்.

தான் காணப்போகாத கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டப் பெருந்துணிவு வேண்டும். முன்பின் அறியாதவர் விட்டுப்போன வேலையைத் தொடர அதைவிடப் பெரிய பணிவு வேண்டும். பயணியாகப் போகிற நம்மிடம் அந்தத் துணிவையோ பணிவையோ யாரும் கேட்கவில்லை. கேட்பது அரை நாள் பொறுமை மட்டுமே. அதை மனமுவந்து கொடுங்கள்!